குறைந்தபட்சம் எட்டுப் பேர்

காட்பாடி. மே எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.
ஒன்பதரைக்குக் கம்பி ஜன்னலைத் திறந்தேன்.
ஒன்பதே முக்காலுக்கு டேலி நிரம்பியது.
பத்துக்குக் கரண்ட் போனது.
கணினி அணைந்ததும்
பழைய பேரேட்டை எடுத்து
அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன்:
வரிசை எண், பெயர், துறை, கட்டணம்,
ஏன் சேர விரும்புகிறீர்கள்.

மூன்று வாரம், முந்நூறு ரூபாய், ஒரு கிரெடிட்.
பேச்சு ஆங்கிலம், அழகுக்கலை, கேக் செய்தல்,
புகைப்படம், கேமரா நீங்களே கொண்டுவர வேண்டும்.
பதினொன்றில் ஏழாவது மட்டும்
யாரும் விரல் வைக்காத வரி:
பாலாறு, மணலுக்குக் கீழே.
பொன்னுரங்கம், புவியியல் துறை.
தொப்பி அவசியம்.

"டேலில சீட் கீதா மேடம்?"
இல்லை.
"போட்டோ?"
காத்திருப்பில் பதினாறு பேர்.
"அப்ப இன்னாதான் கீது?"
ஏழை நோக்கிப் பேனாவை நகர்த்தினேன்.
"ஆத்துல இன்னா மேடம் கீது, லாரித் தடம்தான்."
போய்விட்டான்.
டீ குடித்துவிட்டு வந்து எழுதினான்.
கோதண்டன், பி.காம்., இரண்டாமாண்டு.
காரணம்: பஸ் பாஸ் முப்பத்தொன்று வரை செல்லும்.

மற்ற காரணங்களும் பேரேட்டில் இருக்கின்றன.
ஆம்பூர் நுஸ்ரத்:
எங்கள் தெருக் கிணறு எப்போது மஞ்சளானது என்று
ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள்.
பெனினா:
மே மாதம் வீட்டிலிருந்தால் பெண் பார்க்க வருவார்கள்.
மாதனூர் யுவராஜ் வாக்கியம் எழுதவில்லை.
மணல், அவ்வளவுதான்.
அவன் அப்பா மாட்டுவண்டியோடு பிடிபட்ட தாளை
கட்டணச் சலுகை மனுவில் இணைத்திருந்தான்,
வேறு எந்தத் தாளை இணைப்பதென்று தெரியாமல்.

மூன்றரைக்கு ஏழு பேர்.
எட்டு இல்லையேல் வகுப்பு இல்லை.
அந்த விதியைத் தட்டச்சு செய்தவளே நான்தான்,
போன ஜூனில், ஓர் எழுத்துப் பிழையோடு.

பொன்னுரங்கம் சார் மூன்று முறை வந்தார்.
முதலில் பசை கேட்டு.
பிறகு மணி கேட்டு, கையில் வாட்ச் இருக்க.
மூன்றாம் முறை எதுவும் கேட்கவில்லை,
பேரேட்டைத் தலைகீழாகவே படித்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு முதல்வர் அறையிலிருந்து போன்.
"எத்தனை?"
ஏழு, சார்.
"அடிச்சிடுங்க."
அடித்தேன். சிவப்பு மை. கோடு கோணவில்லை.
பணம் பெற்றுக்கொண்டேன், பணம் பெற்றுக்கொண்டேன் என்று
ஏழு கையெழுத்து.
நுஸ்ரத் மட்டும் நோட்டை எண்ணிப் பார்த்தாள்.

யாரும் கலையவில்லை.
வேலூர் வெயில் விட்டுவைத்திருந்த
நோட்டீஸ் போர்டின் ஓரடி நிழலில்
ஏழு பேரும் பக்கவாட்டில் நின்றார்கள்.
சார் வகுப்பறைச் சாவியை நீட்டினார்.
"வெச்சுக்கோங்க ஜெசிந்தா.
ஆத்துக்குப் பூட்டு இல்ல."
கிரெடிட் கிடையாது சார், என்றேன்.
வருகைப்பதிவு கிடையாது,
பாம்பு கடித்தால் இன்சூரன்ஸும் கிடையாது.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்,
சரியான விடைக்கு மார்க் போடுகிறவர் போல.

திங்கட்கிழமை.
கண்ணமங்கலத்தில் நான் ஏறிய பாசஞ்சர்
கன்டோன்மென்ட் தாண்டிப் பாலத்தில் மெதுவானது.
பதினாறு வருடமாக அந்த இடத்தில்
குழம்பு கசிகிறதா என்று டிபன் மூடியைத்தான் பார்ப்பேன்.
கீழே, மணலில், இடுப்பளவுக் குழி.
சுற்றிலும் தொப்பிகள், ஒரு கறுப்புக் குடை.
மண் நிறம் மாறுகிற ஆழத்தில்
யாரோ முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு
மற்றவர்களை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.
சாரைக் கழித்துவிட்டு எண்ணினேன்.
எட்டு.
மறுபடி எண்ணுவதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

ஆபீஸில் முதல் வேலையாகப் பேரேட்டைத் திறந்தேன்.
சிவப்புக் கோடு அங்கேயே இருந்தது.
அதன் கீழே வரிசை எண் எட்டு,
நானே போட்ட காலிக் கட்டம்.
பென்சிலைச் சீவினேன், பிறகும் சீவினேன்.
டேலிக்காரர்கள் ரசீது கேட்டு ஜன்னலைத் தட்டினார்கள்.

நாளைக்கும் அதே பக்கத்து ஜன்னல்
கிடைக்க வேண்டும்.