ஒன்றரை பேர்ச்

பன்னிரண்டு அடி அகலம், முப்பத்துநாலு நீளம்.
டேப்பின் மறுநுனியைப் பிடித்தபடி பெரோஸா கேட்டாள்:
"மிஸ், இதுக்குள்ள காத்தும் வரணும், சரியா?"

கிராண்ட்பாஸ் ஒழுங்கை மூன்றடி.
இந்த மூலையில் முழங்கையாய் மடங்கும்.
ஒட்டினாற்போல் மர்வினின் சுவர்,
ஒன்பது அங்குலத்துக்காக
மூன்று வருடம் பேசாத சுவர்.

காற்றுக்கென்று நடுவில் நாலுக்கு நாலு விட்டேன்.
"அதுல ஒரு புள்ள படுக்குமே" என்றார் இர்ஷாத்.
அவர் கணக்கும் சரிதான்.
இப்போது அதில் மழை இறங்குகிறது,
தொட்டி நிறைகிறது, குளிக்கிறார்கள்.

ஒவ்வொரு படியும் ஓர் இழுப்பறை.
முதற்படியில் சப்பாத்து, மூன்றாவதில் அரிசி,
ஏழாவதில் இர்ஷாத் திருத்தும் போன்கள்.
நடுச்சாமத்தில் யாரோ ஒருவரின் அழைப்பு
படிக்குள் அடித்து ஓயும்.

மொட்டைமாடியில் கம்பிகளை வெட்டவில்லை.
மகன் கலியாணம் கட்டினால் ஒரு தட்டு ஏறும்.
அதுவரை துருவில் உடுப்புக் காய்கிறது.

முன்சுவர், சுவரே இல்லை.
கொம்பனித்தெருவில் இடித்த வீடுகளின்
ஆறு கதவுகள், ஆறு விதப் பச்சை,
பிணைச்சல் போட்டுத் தைத்தோம்.
மடித்தால் கடை, விரித்தால் படுக்கையறை.
வரைபடத்தில் நான் எழுதியது அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் மர்வின் போய்விட்டார்.

இந்த முழங்கையில் சவப்பெட்டி திரும்பாது.
எப்போதும் நிமிர்த்தித்தான் கொண்டுபோவார்களாம்.
இறந்தவர் கடைசியாய் ஒருமுறை
எழுந்து நிற்பார்,
உள்ளே ஏதோ கால்மாட்டுக்குச் சரியும்,
பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பெரோஸா கொண்டியை நீக்கினாள்.
ஆறு பச்சையும் ஓரமாய்ப் போய் ஒடுங்கின.
பக்கக் கதவையும் திறந்தாள்.
இர்ஷாத் மேசையைத் தூக்க
சின்னத் திருகாணிகள் தரையெங்கும் உருண்டன.

மர்வின் படுத்தபடியே உள்ளே வந்தார்.
அரிசிப்படியைக் கடந்தார்.
நாலுக்கு நாலில் தூறல் விழுந்து
முன்னால் போனவரின் மெழுகுதிரி அணைந்தது,
நின்று பற்றவைத்தார்கள்,
அவ்வளவு நேரமும் அவர்
அந்த வீட்டுக்குள் இருந்தார்.
பிறகு மறுபக்க ஒழுங்கையால் போனார்.

பத்தாம் நாள் கடைசித் தவணைக் காசுக்குப் போனேன்.
தேத்தண்ணி தந்துவிட்டுப் பெரோஸா
பக்கக் கதவு நிலையைக் காட்டினாள்.
இடுப்பளவில் ஒரு நீளக் கீறல்,
வெள்ளை மரம் தெரிந்தது.
"உரசிட்டு மிஸ். கொஞ்சம் அகட்டேலுமா?
பெட்டிக் கடையில அளவு கேட்டு வந்தேன்."

ரீலோட் அட்டையின் பின்புறம், பேனாவில்:
இருபத்தேழு, கைப்பிடியோடு.

சட்டைப்பையில் டேப் இருந்தது.
மறுநுனியை அவளே வந்து பிடித்தாள்.