காலி ஓட்டம்

பெல்ட்டைக் கழற்றிப் போட்டாயிற்று.
இழுக்க ஒன்றுமில்லை, அமுக்க ஒன்றுமில்லை.
குளச்சல் ஐஸ் பிளாண்டின் முப்பது எச்.பி. மோட்டர்
தன்பாட்டுக்குச் சுற்றுகிறது,
இருபத்துநாலு ஆம்பியர் தின்றபடி.

பதினைந்துதான் தின்ன வேண்டும்.
எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவர்
பச்சை மையில் எழுதிவைத்த நோட்டு சொல்கிறது.
டாங் டெஸ்டரை ஒவ்வொரு வயராகக் கவ்வவைத்தேன்:
இருபத்துநாலு. இருபத்துநாலு. இருபத்துநாலரை.
ஒன்று மட்டும் எகிறினால் கள்ளன் அகப்பட்டான்.
மூன்றும் ஒரே குரலில் சொன்னால்
யாரைத் தனியே நிறுத்திக் கேட்பது?

வோல்ட்டேஜ் நானூற்றுப் பதினெட்டு, குற்றமில்லை.
பேரிங் ஒற்றை விரலுக்குச் சுற்றியது.
டெல்டா டெல்டாவாகவே இருந்தது.
மெக்கர் முள் கடைசிக் கோட்டில் போய்ப் படுத்துக்கொண்டது.
மிச்சம் ஒரே ஆள்தான்.
"திங்கள்சந்தைக்காரி சுத்தைக் குறைச்சிருக்கா,
செம்புல கை வச்சிட்டா" என்று
முதலாளி பர்னபாசிடம் சொன்னது நான்.
சொல்லும்போது நாக்கு கூசவில்லை.

ரெத்தினபாய் பதினொன்றரை பஸ்ஸில் வந்தாள்.
கையில் ஜவுளிக்கடைப் பை,
பைக்குள் கருகிய பழைய காயில்,
பிரித்தெடுத்த அன்றே நூல் கட்டி
மோட்டர் நம்பர் எழுதித் தொங்கவிட்டது.
"எண்ணுங்க."
எண்ணினேன். இருபத்திரண்டு.
தன் நோட்டை விரித்தாள். அங்கும் இருபத்திரண்டு.
நோட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாமே என்று
நான் வாய் திறக்குமுன்
தன் மீட்டரை எடுத்துப்
பக்கத்து மோட்டரிலும் இதிலும் வைத்துக் காட்டினாள்.
இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

"ரோட்டரை வெளிய எடுங்க."

செயின் பிளாக், மூன்று பேர், முக்கால் மணி நேரம்.
சாக்கின் மேல் கிடத்திய இரும்பை
அவள் கட்டைவிரல் நகத்தால் நெடுக உரசினாள்.
நகம் கிர்ரென்றது.
சுற்றிச் சுற்றி மெல்லிய வரிகள்,
லேத்துக் கத்தி நடந்த தடம்.
"இதுல உளி வச்சது ஆரு?"

அம்மோனியா வாடை சட்டென்று அதிகமான மாதிரி இருந்தது.

போன வருசத்துக்கு முந்தின ஆடி.
கணவாய்ப் பாடு பொங்கி, கரையெல்லாம் வள்ளம்,
ஐஸ் ஐஸ் என்று வாசலில் கூச்சல்.
பேரிங் தேய்ந்து ரோட்டர் உரசி அலறியது.
ஆட்டோவில் ஏற்றிக் கருங்கலுக்குக் கொண்டுபோய்
"ஒரு பிசிறு எடும், உரசாம இருந்தாப் போதும்" என்றேன்.
முந்நூறு ரூபாய்.
சாயங்காலமே ஓடிற்று. எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள்.
பச்சை மை நோட்டில் ஒரு வரி எழுதவில்லை.
அதற்குப் பிறகு ஒருநாளும்
பெல்ட்டைக் கழற்றிவிட்டு அளக்கவில்லை.
லோடில் கொஞ்சம் கூடியபோது
கம்ப்ரசரை ஏசினேன்.

அவள் வெர்னியரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.
"உள்வட்டத்துக்கும் இதுக்கும் ஒரு மில்லிதான் வித்தியாசம் வரணும்.
ஒண்ணே முக்கால் நிக்குது.
இரும்பு அகண்டு போனா கரண்டு எட்டிப் பிடிக்கணும்லா?
எட்டுகதுக்குத்தான் இம்புட்டும்."

எட்டுவதற்குத்தான்.
ஐஸுக்கு இல்லை, மீனுக்கு இல்லை,
நடுவில் நான் வெட்டிவைத்த முடியளவு காற்றைத் தாண்டுவதற்கு.

இழைத்த இரும்பு வளராது.
புது ரோட்டர் விலையை முதலாளி காதில் போட
இது மாதம் அல்ல.
கப்பாசிட்டர் ஒன்று போடலாம், ஈ.பி. பில்லுக்கு ஆறுதல்.
பழையபடி மாட்டி பெல்ட்டை ஏற்றினோம்:
பிளேட்டில் நாற்பத்தொன்று, ஓட்டத்தில் நாற்பத்துமூன்று.
"ராத்திரி ஓட்டுங்க, உச்சி வெயில்ல நிறுத்துங்க" என்றாள்
செருப்பை மாட்டிக்கொண்டே.

பர்னபாஸ் வாசலில் நின்று கேட்டார்:
"என்னடே, செம்புதானா?"

"இல்ல. நான்."

அவருக்கு விளங்கவில்லை.
விளக்கத் தொடங்குமுன் துறையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.
ரெத்தினபாய்க்குப் பஸ் கூலி நீட்டினேன்.
பார்த்தாள். சரியாக எண்ணி
மிச்சம் நாலு ரூபாயை மேசையில் வைத்தாள்.

பச்சை மைக்குக் கீழே என் நீலப் பேனா:
ரோட்டர் இழைத்தது. காலி ஓட்டம் 24.
பக்கத்தில் என் பெயர்.
தேதி ஞாபகமில்லை,
ஆடி என்று போட்டு
ஒரு கேள்விக்குறி வைத்தேன்.