மூன்றாவது கியர்

ட்ரெனெவித்திலிருந்து அபெரிஸ்ட்வித் மருத்துவமனைக்கு
நாற்பத்து மூன்று மைல்.
திரும்பி வரவும் அதே நாற்பத்து மூன்று
என்கிறது வரைபடம்.
பகலெல்லாம் பிறர் எலும்புகளைப்
படம் பிடித்துவிட்டு வருகிறவளுக்கு
அது அறுபது.

பழைய டீசல் வண்டி
கிறிஸ்துமஸுக்கு முந்திய வியாழன்
லாங்கிரிக் வளைவில் படுத்துவிட்டது.
இழுத்துப்போக வந்தவன்
விளையாட்டாகத் தொப்பியைக் கழற்றிக்
கொஞ்ச நேரம் மௌனமாய் நின்றான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவே சமையல் மேசை, பென்சில்,
மின்கட்டண உறையின் முதுகு.
இடப்பக்கம் வண்டிகளின் பெயர்.
வலப்பக்கம் காலனுக்கு எத்தனை மைல்,
சாலை வரி, காப்பீடு,
நான்கு டயருக்கு என்ன விலை.
ஐந்து வருஷத்துக்குப் பெருக்கினேன்.
உறை போதாமல் தண்ணீர் பில்லுக்குத் தாவினேன்.

மெய்ரிக் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"மலைப்பாதை, ஹெலெத். உறைபனி. பால் லாரிகள்.
உயரமாய், கனமாய் ஒன்று வாங்கு.
பெட்ரோல் போனால் போகட்டும்."
அக்கறையில் சொன்னதுதான்.
ஆனால் அந்த யானையைக் கட்டித் தீனி போடப்போவது
என் சம்பளம்.

மின்சார வண்டி என்றாள் வேலையிடத்தில் ஒருத்தி.
நானும் யோசித்தேன்.
நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி.
ஒயரை இறக்கினால்
கீழ்வீட்டு ப்ரொதரோ அம்மாள்
அதில் துணி காயப்போடுவாள்.

லானிட்லோஸில் இதெலின் கொட்டகை.
இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே
கடுகுப்பூ மஞ்சளில் அது நின்றது,
தவறான வகுப்பில் உட்கார்ந்துவிட்ட பிள்ளை மாதிரி.
ஒன்பது வயது. ஒரு லிட்டர் எஞ்சின். மூன்று சிலிண்டர்.
சாவியைத் திருப்பினால்
சீட்டாட நாலாவது கை வராதது போல
ஒரு சின்ன முணுமுணுப்பு,
பிறகு சரி, இருக்கிறவர்களே ஆடுவோம் என்று
கிளம்பிவிட்டது.

"அணைக்கட்டு வரை போய்ப் பாருங்கள்" என்று
முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்தான் இதெல்.

க்ளுவெடோக் ஏற்றம்.
நான்கில் மூச்சு வாங்கியது.
மூன்றுக்கு இறக்கினேன்.

அப்புறம் நடந்ததை
எந்த உறையின் முதுகிலும் எழுத இடமில்லை.
வளைவு கைக்குள் வந்தது.
சாலையின் சொரசொரப்பு விரல் நுனிவரை ஏறியது.
வேலியோர ஆடுகள் நிமிர்ந்து பார்க்க
வண்டிக்குள் யாரோ சத்தமாய்ச் சிரித்தார்கள்.
இதெல் இல்லை.
அவன் கதவுப்பிடியோடு பேசிக்கொண்டிருந்தான்.

வேகமானியைப் பார்த்தேன்:
முப்பத்தெட்டு.
பழைய வண்டியில் இந்த வேகத்துக்குக்
கொட்டாவிதான் வரும்.

இறங்கியதும் முகத்தை இறுக்கிக்கொண்டேன்.
பேரம் பேச வேண்டுமே.
ஹீட்டர் மூன்றில் மட்டும்தான் வேலை செய்கிறது என்றேன்.
கிளட்ச் உயரத்தில் பிடிக்கிறது என்றேன்.
"நீங்கள் மேலே சிரித்ததற்கே
இருநூறு பவுண்டு கூட்டியிருக்க வேண்டும்" என்றான்.
நூற்றைம்பது குறைத்தான்.

முன்பு வைத்திருந்தது ஓர் இசை ஆசிரியையாம்.
இருக்கைக்கு அடியில்
கிளாரினெட் நாணல்துண்டு ஒன்று கிடந்தது.
எடுத்துப் போடவில்லை, இருக்கட்டும்.

மெய்ரிக் அதைச் சுற்றி வந்தார்.
கூரையைத் தட்டினார், தகரம் என்றார்.
பின்சீட்டில் யார் உட்காருவது, பூனையா என்றார்.
நான் விவாதிக்கவில்லை.
காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்படுகிறவள்
எதையும் நிரூபிக்க நேரமில்லாதவள்.
பொன்டெர்விட்டைத் தாண்டியதும்
காற்றாலைகளுக்குக் கீழே
சாலை ஒருமுறை குலுங்கி இறங்குமே,
அங்கே தினமும் எனக்கொரு வேலை இருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு
பால் தீர்ந்துவிட்டதென்று
மெய்ரிக் என் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.
கடை இரண்டு தெரு தள்ளி.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.
காது இரண்டும் சிவந்திருந்தன.
கடையில் கூட்டம் என்றார்.

மைல்மீட்டரில் முப்பத்தொன்று கூடியிருந்தது.
பால் வாங்கவில்லை.