எட்டு

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி,
பெட்டிக்குள் முப்பத்தேழு.
கோட்டை அகழித் தண்ணீரே கொதிக்கிற மே மாதத்தில்
வேலூரில் குளுகுளுவென்று இருப்பவர்கள்
இன்னும் பெயர் வைக்காத இவர்கள்தாம்.

மல்லிகை வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது.
சென்ட், நகப்பூச்சு, நேற்றுத் தடவிய தைலம்,
வாசனை என்று எதுவுமே இவர்களுக்கு ஆகாது.
மூன்று வருஷமாகப் பூ வைப்பதில்லை நான்.
அம்மா அதற்கு வேறு காரணம் யோசித்து
ஆற்காட்டு ஜோசியரிடம் போய் வந்தாள்.

என் ஆய்வு:
தோல் தொழிற்சாலையில் குரோமியத் தொட்டியருகே நிற்கும் ஆண்கள்,
அவர்களுடைய கரு
எத்தனையாவது மணியில் பிளக்கிறது, எத்தனையாவதில் நிற்கிறது.
ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு.
எண்ணிக்கை போதாது என்கிறார் வழிகாட்டி.
இன்னும் முப்பது தம்பதி வந்தால் புள்ளிவிவரம் நிற்குமாம்.
முப்பது வீட்டில் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று
எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், இரண்டு பேர்.
நான் சொன்னேன்: தில்ஷாத், கணவர் முனவ்வர்.
ரெபெக்கா திருப்பிச் சொன்னாள்.
அதன்பின் அவர்கள் நாற்பத்தொன்று.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம்.
இருபத்தேழாம் மணியில் இரண்டு.
நான்கு.
ஐந்தில் கொஞ்சம் தயக்கம்.
எட்டு.
பிறகு நூற்று நாற்பத்து நான்கு படங்கள்
ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல்.
படிவத்தில் அதற்குத் தேக்கம் என்று பெயர்.
மழை விட்டபின் பாலாற்றுக் குழியில் கிடப்பதற்கும்
அதே சொல்தான்.

சாயங்காலம் காட்பாடி பஸ்ஸில்
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறாள் போல.
முகக்கவசம் இல்லாத என்னை அடையாளம் தெரியவில்லை.
"நூறு ரூபாய்க்குச் சில்லறை இருக்குமா?"
இருந்தது.
அப்புறம் போனில் யாரிடமோ,
பரீட்சை மார்க் சொல்வதுபோல்:
"எட்டா ஆயிருக்காம்கா. ஒண்ணுதான் தங்கிச்சு, ஆனா எட்டாம்.
நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிடுவாங்க."

கூப்பிடுவது கவுன்சலர்.
நான் சொல்லக் கூடாது, அது விதி.
விதி இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா,
தெரியாது.

பாலத்தின் மேல் போகும்போது எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
அவள் பொத்தவில்லை.
தன் தலையிலிருந்த சரத்தில் பாதியைப் பிய்த்து,
"வெறுந்தலையா இருக்கீங்களே, இந்தாங்க" என்று நீட்டினாள்.

வேண்டாம் என்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது.
காலையில் நான்கு பேருடைய தட்டுகள் காத்திருக்கின்றன.
வாங்கிக்கொண்டேன்.
காட்பாடிவரை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தேன்.

ராத்திரி முழங்கைவரை
மூன்று முறை கழுவினேன்.
முகர்ந்து பார்த்தேன்.
போய்விட்டிருந்தது.