வசம்

பிளாக்டவுன் லோக்கல் கோர்ட், மூன்றாம் அறை.
தொண்ணூறு நிமிடத்துக்கு
என் நாக்கை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
அவர் ‘நான்’ என்றால்
நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.
போன செவ்வாய் நான் ஒரு பைக் திருடினேன்.
அதற்கு முந்தின வாரம்
என் மனைவியை அடித்ததை ஒப்புக்கொண்டேன்.

இன்று நான் தவநேசன்.
நாற்பத்தொரு வயது, டைல் ஒட்டும் வேலை,
மாதக் கணக்கில் நீட்டித்து நீட்டித்து
பன்னிரண்டு வருடமான தற்காலிக விசா.
யாரிடமோ வாங்கிப் போட்ட கோட்டின் தோள்
என் தோளைத் தாண்டி
இரண்டு விரல் வெளியே நிற்கிறது.

வேனின் பக்கத்து இருக்கைக்குக் கீழே
சின்ன ஜிப் கவர்.
பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு கிராம்.
ரசத்துக்குப் பெருங்காயம் இதைவிடக் கூடவே போடுவேன்.
அந்த இருக்கையில் அன்று
ப்ரெண்ட் உட்கார்ந்தான், செவன் ஹில்ஸில் இறங்கினான்.
அவன் மச்சான் ஏறினான், அவனும் இறங்கினான்.
பிறகு ஒரு சிமெண்டு மூட்டை.
போலீஸ் விளக்கு பின்னால் சுழன்றபோது
மூட்டை மட்டும்தான் இருந்தது.

அரசுத் தரப்பு அந்தச் சொல்லைச் சொல்கிறது.
நான் அதை வாயில் வைத்துக்கொண்டு
ஒரு நொடி திணறுகிறேன்.
உடைமை என்றால் காணி பூமி போல ஒலிக்கும்.
வைத்திருந்தது என்றால்
வைத்தது யார் என்ற கேள்வி உள்ளேயே முடிந்துவிடும்.
கைவசம் என்கிறேன்.
அவர் தன் கையைப் பார்க்கிறார்.

காலையில் வராந்தாவில்
இலவச வக்கீல் மரியம் ஹடாட்
ஏழு நிமிடத்தில் சட்டத்தைச் சொல்லி முடித்தாள்.
அது அங்கே இருப்பது தெரிந்திருக்க வேண்டும்,
தன் பிடியிலும் இருந்திருக்க வேண்டும்,
இரண்டையும் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.
அவள் கக்கத்தில் இன்னும் பத்துக் கோப்புகள்.
ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு
இன்றே முடியலாம் என்றாள்,
ஆனால் விசா ஆபீசில்
அந்தத் தாளை வேறு மாதிரி படிப்பார்கள்.
ஒப்புக்கொள்ளாவிட்டால்?
வழக்கு இருக்கிறது என்று படிப்பார்கள்.
இரண்டையும் ஒரே குரலில் தமிழாக்கினேன்.
குரலுக்கும் விதி உண்டு.

விளக்கம் வேண்டுமா என்று கேளுங்கள்,
நீதிபதி அம்மாள் கனிவாகத்தான் சொன்னார்.
‘விளக்கம்’ என்று தொடங்கினேன், முடிக்கவில்லை.
அவர் முகத்தில் ரத்தம் இறங்கிவிட்டது.
‘விளக்கமறியலோ அக்கா? எத்தனை நாள்?’

நான் மதுரைக்காரி.
எங்களுக்கு அது ரிமாண்டு.
அவர் ஊரில் ரிமாண்டுக்குள்
விளக்கம் என்ற சொல்
எத்தனை வருடமாய் அடைபட்டுக் கிடக்கிறது
என்பது எனக்கு அப்போது தெரியாது.

தவறு மொழிபெயர்ப்பாளருடையது, யுவர் ஆனர்,
மொழிபெயர்ப்பாளர் திருத்திக்கொள்ள அனுமதி கேட்கிறார்.
என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும்
நான் ‘நான்’ இல்லை.

‘என்ட கையில ஒண்டுமில்லை ஐயா’ என்றார்
ஐயா இல்லாத அந்த இருக்கையைப் பார்த்து.
என்னிடம் எதுவுமே இல்லை, என்றேன் ஆங்கிலத்தில்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அது கவரைப் பற்றியா, மொத்தத்தையும் பற்றியா.
வக்கீல் எழுந்தாள்: குற்றத்தை மறுக்கிறோம்.
லேப் சான்றிதழ் வர ஆறு வாரம்.
அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பதினொன்று ஐம்பத்திரண்டு என்று நேரம் குறித்துக்
கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டேஷனில் அவரும் அதே பிளாட்பாரம்.
வெளியே பேசக் கூடாது, அதுவும் விதி.
ஒரு தூணை நடுவில் விட்டு நின்றோம்.
படியில் மோப்ப நாய் இறங்கி வந்தது,
கறுப்பு, இளசு, விளையாட்டுப் புத்தி மாறாதது.
யாரும் கேட்கவில்லை,
அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.
விரலிடுக்கில் வெள்ளையாய் டைல் பசை.
நாய் அதைத் தாண்டி
என் கைப்பையை முகர்ந்தது.
அதன் அடியில் என்னென்ன கிடக்கும்,
நினைவுபடுத்திப் பார்க்கிறேன், பார்க்கிறேன்.

ரயில் இரண்டு நிமிடம் தாமதம்.