மேலயா, கீழயா

மிளகு உருவிக்கொண்டிருந்தேன்.
சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தது அது,
ரவிக்கைக்குள், முதுகுப் பக்கம்.
முதலில் ஒரு சொட்டு ஈரம் மாதிரி.
பிறகு கிழித்த தீக்குச்சி மாதிரி.

"தேய்க்காதே" என்றாள் குப்பாயி,
நான் தேய்த்து முடித்த பிறகு.
எஸ்டேட் ஆபீஸ் மருந்துப் பெட்டியில்
பிளாஸ்திரி மட்டும்தான் இருந்தது.
அதையே ஒட்டி ஒட்டிப் பிய்த்தாள்
கம்பளிப்பூச்சியின் கண்ணுக்குத் தெரியாத முடிகளை.
கொஞ்சம் வந்தது.
மீதி என்னோடு பஸ் ஏறியது.

இருபது கொண்டை ஊசி வளைவு.
இருபதிலும் சீட்டுக் கம்பியில்
முதுகை உரசிக்கொண்டே இறங்கினேன்.
பக்கத்துச் சீட்டுக்காரி
ஆரஞ்சுக் கூடையை மடிமேல் தூக்கிக்கொண்டாள்.
கண்டக்டர் கேட்டார்: "ஏனுங்க, சாமி வருதா?"

கண்ணங்குறிச்சியில் இறங்கி
சாக்கடையோரம் விட்டு
சுத்தமான இடமாகப் பார்த்துக் குப்பைமேனி பறித்தேன்.
கல்லுப்பு ஒரு சிட்டிகை, மஞ்சள் ஒரு துண்டு,
அம்மியில் வைத்து நசுக்கினேன்.
மேலிருந்து கை விட்டால் பிடரி வரை எட்டியது.
கீழிருந்து விட்டால் இடுப்புக்கு மேல் நாலு விரல்.
நடுவே ஒரு சாண் இடம்
எந்த ஊர் எல்லையிலும் சேராமல்
தனியாக எரிந்துகொண்டிருந்தது.

மாதேசு வீட்டில்தான் இருந்தான்.
பேசிப் பதினோரு நாள்.
என் கொலுசை அடகு வைத்துவிட்டு
"எங்கயாச்சும் விழுந்திருக்கும், தேடிப் பாரு" என்றவனோடு
என்ன பேச்சு?
நானும் தேடினேனே,
அரிசி டிரம்மைக் கவிழ்த்தெல்லாம்.

"உங்கப்பாவுக்குச் சோறு வேணுமான்னு கேளு."
"உங்கம்மாகிட்ட வேணாம்னு சொல்லு."
எங்கள் தபால்காரி நித்திலா
ஒன்பது மணிக்கே தூங்கிப் போனாள்.
அவள் பையிலிருந்து அடி ஸ்கேலை எடுத்தேன்.
பதினைந்து சென்டிமீட்டர் உள்ளே போய்
நழுவிவிட்டது.
பிறகு தோசைத் திருப்பி.
பிறகு நிலைக்கால்.
கரடி மாதிரி நின்று தேய்த்தேன், கண்ணை மூடி.

திறந்தபோது விளக்கு எரிந்தது.
கையில் கேரிபேக்கோடு நின்றான்.
உள்ளே ஜவ்வரிசி மில் தொட்டியில் அள்ளிய
ஈரக் கிழங்கு மாவு.
"தொட்டிக்குள்ள இறங்குற பசங்களுக்கு
ஒடம்பு அரிச்சா இதத்தான் பூசுறாங்க."
என்னிடம் சொல்லவில்லை.
சுவரில் தொங்கிய காலண்டரிடம் சொன்னான்.

நானும் காலண்டரைப் பார்த்தபடி
முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன்.

"மேலயா, கீழயா?"
"கீழ."
"இங்கயா?"
"எடது."
"உன் எடதா, என் எடதா?"
பின்னால் உட்கார்ந்தவனுக்கு
இரண்டும் ஒன்றுதான்டா மடையா
என்று நாக்கு நுனி வரை வந்தது.
முழுங்கிவிட்டேன்.

புளித்த மாவு வாசனை.
பதினாறு வருஷமாக அவன் சட்டையில் துவைக்கிற வாசனை.
குளிர்ந்தது.
காயக் காயத் தோலை மெதுவாக இழுத்துப் பிடித்தது.
தடித்துத் தடித்து நின்றவை எல்லாம்
ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன.

"அடங்குச்சா?"
"இல்ல" என்றேன். அடங்கியிருந்தது.
குனிந்து ஊதினான்,
சூடான டீயை ஊதுகிற மாதிரி.
ஊதிக்கொண்டே சொன்னான்:
"செவ்வாப்பேட்டைல இருக்கு. வண்டி டியூவுக்கு."
"எத்தன வட்டி?"
ஊதல் நின்றது.
"ரெண்டு."
"ரெண்டா?" என்று திரும்பினேன்.
காய்ந்த மாவு பொரிந்து பாயெல்லாம் விழுந்தது.
அப்புறம் நடந்த சண்டையில்
நித்திலா எழுந்துவிட்டாள்.
அவளுக்கு வேலை இருக்கவில்லை.
நேராகவே திட்டிக்கொண்டோம்,
பன்னிரண்டு மணி வரை.

காலை பஸ்ஸில், ஏழாவது வளைவில்,
மறுபடி லேசாக அரித்தது.
கம்பியில் உரசவில்லை.
சாயங்காலம் வரைக்கும்
பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.