அறுபத்தெட்டாம் நிமிஷம்

சேசுராயனுக்கு விசில் அடிக்கத் தெரியாது.
ஐஸ் கம்பெனி ரசீதின் பின்பக்கம் எழுதுவான்:
யார் ராத்திரி கடலுக்குப் போனது,
யார் காலில் கெளுத்தி முள்,
யாருக்கு வீட்டில் சண்டை.
தங்கச்சிமடத்தில் இதுதான் அணித்தேர்வு.

டாஸ் ஜெயித்தால் முதல் பாதி கச்சானுக்கு எதிரே.
"மூச்சிருக்கும்போதே காத்தோட மல்லுக்கட்டு.
பெறகு அது நம்மாளு."

மூக்கையூர்க்காரர்களோடு அரையிறுதி.
ஒன்றுக்கு ஒன்று.
அறுபத்தெட்டாம் நிமிஷம்
என்னை வெளியே கூப்பிட்டான்.

கோல் போடுறவனையா எடுக்கிறாய் என்று
கரையே கத்தியது,
ஒருத்தர் மணலை அள்ளி அவன் முதுகில் வீசினார்.
"முட்டி சரியில்ல" என்றான் எல்லோருக்கும்.
என் முட்டிக்கு ஒன்றுமில்லை.

கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டேதான் வந்தேன்.
பைக் சாவியை என் கையில் திணித்தான்.
"பந்து உங்கிட்ட இருக்கும்போதே
மூணு தடவ கடலப் பாத்துட்ட.
ஜெட்டிக்குப் போ.
உங்கண்ணன் போட்டு வந்துச்சான்னு பாரு."

விடியக்காலம் வரவேண்டிய போட்டு.
நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்டட் வைத்த ஷூ
கியரில் வழுக்கி வழுக்கி விழுந்தது.
பாம்பன் ரோட்டைத் தொடும்போது
பின்னால் பெருஞ்சத்தம்.
கோல்தான்.
யார் போட்டதென்று
திரும்பிப் பார்க்கவில்லை.